வில்லன் தோற்ற கட்டம் எது?

“டீச்சர், எல்லாப் புத்தகத்துலயும் இவனே ஏன் தோக்குறான்?”

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படிக் கேட்டான். குரலில் எரிச்சல் இருந்தது. அவன் மடியில் இருந்த காமிக்ஸில் வில்லனுக்குக் கோட்டை உண்டு, ஆள் உண்டு, ஆயுதம் உண்டு, பணத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் கடைசிப் பக்கத்தில் கையில் விலங்கோடு நிற்கிறான். “இம்புட்டு இருந்தும் தோக்குறான்னா, தப்பு எங்கயோ இருக்குல்ல?” என்றான். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் நாங்கள் செய்த வேலையைத்தான் இங்கே பதிவு செய்கிறேன்.

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில் இருக்கிற ஒரு கடலோர ஊர் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையோரம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஆண்கள் வலை பின்னும் கூடத்தில் உட்கார்ந்து கிழிசல் பார்ப்பார்கள். பள்ளி விடுமுறையும் அதே சமயத்தில் வருவதால் பிள்ளைகளும் அங்கேதான் கிடப்பார்கள். சாயங்காலம் வெயில் தணிந்ததும் நான் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய காமிக்ஸை அங்கே கொண்டுபோவேன். பாதி என் அண்ணன் சேர்த்து வைத்த பழைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ். மீதி ஆங்கிலப் புத்தகங்கள். அவற்றைப் படத்தைக் காட்டிக் காட்டி நானே தமிழில் கதையாகச் சொல்லுவேன்.

ஆய்வுக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். வில்லன் அடி வாங்கும் கடைசிக் கட்டம் கணக்கில் சேராது. அவன் தோற்கத் தொடங்கிய கட்டம் எது என்று புத்தகத்தைப் புரட்டி, விரலை வைத்துக் காட்ட வேண்டும்.

முதல் பதில்: எழுதுகிறவர்கள் தோற்கடிக்கிறார்கள்

ஒரு பெண் பிள்ளை விரல் வைக்கவே மறுத்துவிட்டாள். “அட்டையில சூப்பர்மேன் பேருதான் போட்டுருக்கு. அவன் தோத்தா அடுத்த மாசம் புத்தகம் எப்புடி வரும்?” என்று கேட்டாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை இழுக்க அவளுக்கு விருப்பமில்லை.

அவள் சொன்னது உண்மை. அந்த உண்மைக்கு ஆதாரமும் இருக்கிறது. பேட்மேனின் எதிரி ஜோக்கர் முதன்முதலில் வந்தது 1940-ல், பேட்மேன் பெயரிலேயே தொடங்கிய இதழின் முதல் எண்ணில். அந்த இதழிலேயே அவன் இரண்டு கதைகளில் வருகிறான். இரண்டாவது கதையின் முடிவில் தன் கத்தி தன் மேலேயே பாய்ந்து அவன் சாக வேண்டும் என்பதுதான் திட்டம். ஆசிரியராக இருந்த விட்னி எல்ஸ்வொர்த் இப்படி ஒரு ஆளைக் கொல்லலாமா என்று யோசித்தார். அவன் பிழைத்துக்கொள்வான் என்று காட்டும் ஒரு கட்டத்தைக் கடைசியில் சேர்க்கச் சொன்னார். எண்பது வருடத்துக்கு மேலாக ஜோக்கர் தோற்றுக்கொண்டே இருப்பதற்கு அந்தக் கடைசி நேரக் கட்டமே காரணம். அவனை ஜெயிக்கவும் விடமாட்டார்கள், சாகவும் விடமாட்டார்கள்.

அப்புறம் சட்டம் மாதிரி ஒன்றும் வந்து சேர்ந்தது. 1954-ல் அமெரிக்காவில் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பெரிய கூச்சல் எழுந்தது. செனட் குழுவே விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பகங்கள் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே ஒரு விதித்தொகுப்பை எழுதிக்கொண்டன. எந்தக் கதையானாலும் நன்மை தீமையை வெல்ல வேண்டும், குற்றவாளி தண்டனை பெற வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அட்டை மூலையில் அந்த விதிகளுக்கு உட்பட்டது என்ற முத்திரை இல்லாத புத்தகத்தை விற்கக் கடைக்காரர்கள் தயங்கினார்கள். 1971-ல் விதிகள் கொஞ்சம் தளர்ந்தன. 2011-ல்தான் கடைசிப் பதிப்பகங்களும் அந்த முத்திரையைக் கைவிட்டன. நடுவில் ஒரு தலைமுறை வில்லன்கள் பிறக்கும்போதே தோல்வியை எழுதி வாங்கிக்கொண்டுதான் பிறந்தார்கள்.

சரி, இதோடு ஆய்வை முடித்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை, பையனும் ஒப்புக்கொள்ளவில்லை. எழுதுகிறவர் வில்லனைத் தோற்கடிக்கத்தான் போகிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் எப்படித் தோற்கடிக்கிறார்? சும்மா மாடியிலிருந்து தள்ளிவிட்டால் வாசகனுக்குத் திருப்தி வராது. தோல்விக்கு ஒரு காரணம் தேட வேண்டும், அதுவும் நம்பும்படியான காரணமாக இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை எழுதுகிறவர்கள் எங்கே போய்த் தேடுகிறார்கள் என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை.

விரல் வைத்த இடங்கள்

முதலில் எல்லோரும் ஒரே இடத்தில் விரல் வைத்தார்கள். வில்லன் பேசும் இடம். ஹீரோவைக் கட்டிப்போட்டுவிட்டுத் தன் திட்டம் முழுவதையும் அவனிடமே ஒப்பிக்கிற கட்டம். “அவன் வாய மூடிட்டு வேலையப் பாத்தா ஜெயிச்சுருவான்” என்று ஏழாம் வகுப்பு ஆள் ஒருவன் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

பக்கத்தில் வலை ஊசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் தலை நிமிராமல் வேறு ஒன்று சொன்னார். மடியில் கிடந்த வலையின் ஒரு கண்ணியை இரண்டு விரலால் விரித்துக் காட்டினார். ஒரு கண்ணி அறுந்து பக்கத்துக் கண்ணியோடு சேர்ந்திருந்தது. “இத்தன ஆயிரம் கண்ணி நல்லா இருக்குன்னு மீனுக்கு என்ன? இது ஒண்ணு போதும் அதுக்கு.” அறுந்த நுனியைக் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த முடிச்சைப் போட்டார்.

அவர் சொன்னதை நான் அன்று இரவு வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். வில்லன்தான் வலை விரிக்கிறவன். இருக்கிற உலகத்தை மாற்ற நினைக்கிறவன் அவன். பணம் திரட்டுவது, ஆள் சேர்ப்பது, யந்திரம் செய்வது, நேரம் குறிப்பது என்று அத்தனையும் சரியாக நடந்தால்தான் அவன் நினைத்தது நடக்கும். ஹீரோவுக்கு அந்தப் பாரம் இல்லை. ஒரே ஒரு கண்ணியை அறுத்தால் அவன் வேலை முடிந்தது. சூப்பர்மேன் எத்தனை பலசாலி என்பது இதற்குப் பிறகுதான் வருகிற கேள்வி.

இருந்தாலும் கண்ணி ஏன் அறுகிறது? சூப்பர்மேனின் எதிரி லூதரைப் போன்ற மூளைக்காரன் அதை ஏன் பார்க்காமல் விடுகிறான்? இதற்குப் பதில் 1987-ல் வந்த ஒரு சூப்பர்மேன் இதழில் கிடைத்தது. ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கதை இதுதான்.

சூப்பர்மேனுக்கும் நிருபர் கிளார்க் கென்ட்டுக்கும் என்ன தொடர்பு என்று கண்டுபிடிக்க லெக்ஸ் லூதர் உத்தரவு போடுகிறான். அவனிடம் வேலை பார்க்கும் அமாண்டா மெக்காய் என்ற விஞ்ஞானி, கிடைத்த தகவலையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். கம்ப்யூட்டர் நேரான பதிலைத் தருகிறது: இருவரும் ஒரே ஆள். லூதர் தேடிய ரகசியம் அவன் கண்ணுக்கு முன்னால் திரையில் நிற்கிறது. அவன் என்ன செய்கிறான்? நம்ப மறுக்கிறான். அவ்வளவு சக்தி உள்ளவன் எவனாவது சாதாரண நிருபராக வாழ்வானா என்று கோபப்படுகிறான். தனக்கு அந்தச் சக்தி கிடைத்திருந்தால் தான் அப்படி வாழ மாட்டோம் என்பதால் யாரும் அப்படி வாழ மாட்டார்கள் என்று முடிவு கட்டுகிறான். சரியான விடை சொன்ன பெண்ணை வேலையைவிட்டு அனுப்புகிறான்.

இதைச் சொல்லி முடித்தபோது கூடத்தில் சத்தமே இல்லை. கேள்வி கேட்ட பையன் எழுந்து வந்து, அந்தப் பெண்ணை வெளியே போகச் சொல்லும் கட்டத்தில் விரலை வைத்தான். அதில் சூப்பர்மேன் இல்லை. சண்டை கிடையாது. ஓர் அறை, ஒரு திரை, இரண்டு பேர். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எங்கே விரல் வைப்பது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. டாக்டர் டூம் 1962-ல் வந்த வில்லன். அவன் முகம் சிதைந்த கதையை 1964-ன் ஆண்டு மலர் விரிவாகச் சொல்கிறது. கல்லூரியில் அவன் ரகசியமாக ஒரு யந்திரம் செய்கிறான். உடன் படிக்கும் ரீட் ரிச்சர்ட்ஸ் அந்தக் கணக்குத்தாளைப் பார்த்துவிட்டு, இதில் தசமம் கொஞ்சம் பிசகியிருக்கிறது என்று சொல்கிறான். டூம் அவனை அறையைவிட்டு விரட்டுகிறான். யந்திரம் வெடிக்கிறது. பிறகு ஆயுள் முழுக்க இரும்பு முகமூடிக்குள் இருந்துகொண்டு, ரீட்தான் தன்னைக் கெடுத்தான் என்று பகை வளர்க்கிறான். ஒரு தசமப் புள்ளியைத் திருத்திக்கொண்டிருந்தால் டூம் என்ற வில்லனே பிறந்திருக்க மாட்டான்.

அப்பத்தா சொன்னது

கூடத்தின் ஓரத்தில் தினமும் ஒரு மூதாட்டி வந்து உட்காருவார். கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்கிற வேலையில் வளர்ந்தவர். பேத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பார். பாறை கீறாமல் இருக்க வருடக்கணக்காகத் துணி சுற்றிய விரல்கள் அவை. துணியையும் மீறிக் கீறிய தழும்புகள் கணுவுக்குக் கணு தெரியும். பக்கம் புரட்டும்போது அந்த விரல் வழவழப்பான தாளில் வழுக்கும். இரண்டு விரல் சேர்த்துத்தான் புரட்டுவார்.

டூம் கதையைக் கேட்டுவிட்டு, “இதுல என்னத்தப் புதுசாக் கண்டுபுடிச்சீய? ராவணன் கதைதான இது” என்றார்.

“எப்புடி அப்பத்தா?”

“தம்பி சொன்னான், கேக்கல. தொரத்திவிட்டான். தொரத்திவிட்டவன் நேரா இந்தக் கரைக்கித்தான் வந்தான்.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒருபக்கம் போனால் திருப்புல்லாணி, கடலைக் கடக்க வழி கேட்டு ராமன் தருப்பைப் புல்லில் கிடந்ததாகச் சொல்லும் தலம். இன்னொரு பக்கம் பாம்பன் பாலம் தாண்டித் தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் கோதண்டராமர் கோயில். வீடணன் அடைக்கலம் புகுந்த இடம் என்று அதைச் சொல்வார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோதும் தப்பி நின்ற கோயில் அது. நியூயார்க்கிலும் டூமின் கற்பனை நாடான லாத்வேரியாவிலும் நாங்கள் தேடிக்கொண்டிருந்த கட்டம் பஸ் ஏறினால் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருந்திருக்கிறது.

கம்பனின் யுத்த காண்டத்தில் இராவணன் மந்திரப் படலத்தைப் படித்தவர்களுக்கு இது தெரியும். சபையில் ஆளாளுக்கு வீரம் பேசுகிறார்கள். கும்பகருணன் மட்டும் இடித்துச் சொல்கிறான், பேசுவது மானம், உள்ளே பேணுவது காமம் என்று. வீடணனும் சொல்கிறான். லங்கையில் இல்லாத படையா, இராவணனுக்குக் கிடைக்காத வரமா? சேது கட்டி முடிப்பதற்கு முன்பே, வானரப் படை அக்கரையில் கால் வைக்காதபோதே, சபைக்குள் கண்ணி அறுந்துவிட்டது.

ஒரு பையன் விடவில்லை. “வீடணன் காட்டிக்கொடுத்தவன்தான? கும்பகர்ணந்தான கடைசிவரைக்கும் கூட இருந்தான்?” நம் ஊர்ப்பக்கம் இந்த வழக்கு தீராத வழக்கு. அப்பத்தா ஒரே கேள்வி கேட்டார்: “வீட்ட விட்டு வெளியேத்துனது யாருடா?” பையன் பதில் சொல்லவில்லை. எனக்கு இரண்டு பேருமே நியாயமாகத்தான் படுகிறார்கள். ஆனால் இந்த ஆய்வுக்கு வேண்டியது தம்பிகளின் நியாயம் இல்லை, அண்ணனின் காது. ஒரே பேச்சை இரண்டு தம்பிகளும் சொல்லியிருக்கிறார்கள். ஒருவன் போய்விட்டான், ஒருவன் இருந்து செத்தான். அண்ணன் இரண்டு பேரையும் கேட்கவில்லை.

ஜெயித்தவர்கள்

“தானோஸ் ஜெயிச்சானே!” என்று சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள். டிவியில் தமிழில் பார்த்திருக்கிறார்கள். ஆமாம், 2018-ல் வந்த படத்தில் விரலைச் சொடுக்கிப் பாதி உயிர்களை இல்லாமல் ஆக்குகிறான், அடுத்த வருடப் படத்தில் அது திரும்பிவிடுகிறது. அதற்கு வெகு முன்னால், 1991-ல் வந்த காமிக்ஸில் அவன் தோற்கும் விதம் இன்னும் கூர்மையானது. எல்லாச் சக்தியும் கைக்கு வந்ததும் தானோஸ் தன் உடம்பையே விட்டுவிட்டு அண்டம் முழுக்க விரிகிறான். அந்தச் சக்தியெல்லாம் தரும் கையுறை உடம்போடு கிடக்கிறது. அவன் வேடிக்கைக்காகச் சாகவும் விடாமல் வாழவும் விடாமல் பக்கத்தில் வைத்திருந்த நெபுலா அதை எடுத்து மாட்டிக்கொள்கிறாள். ஹீரோக்கள் அத்தனை பேர் மோதியும் ஆகாதது, அவன் ஆளாகவே மதிக்காத ஒருத்தியால் ஆகிவிடுகிறது. பிற்பாடு, அவனை எதிர்த்த ஹீரோக்களில் ஒருவனான ஆடம் வார்லாக் தானோஸிடமே சொல்கிறான்: இந்தச் சக்திக்கு நீ தகுதியில்லாதவன் என்று உன் உள்மனதுக்குத் தெரியும், அதனால் தோற்பதற்கான வழியை நீயே திறந்து வைத்தாய்.

நிஜமாகவே ஜெயித்தவர்கள் உண்டு. ஜோக்கர் கடைசியில் பிடிபட்டாலும், அவன் முதல் கதையின் முதல் கொலையை எடுத்துக்கொள்ளலாம். நள்ளிரவில் இன்னாரைக் கொன்று வைரத்தை எடுப்பேன் என்று ரேடியோவில் அறிவிக்கிறான். போலீஸ் சூழ்ந்து நிற்கும்போதே, சொன்ன நேரத்தில் அந்த ஆள் செத்து விழுகிறார். முந்தின இரவே வந்து, தாமதமாக வேலை செய்யும் விஷத்தை ஊசியில் ஏற்றிவிட்டு, வைரத்தையும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். வேலையை முடித்த பிறகுதான் ரேடியோவில் பேசினான். 1986, 87-ல் பன்னிரண்டு இதழாக வந்த வாட்ச்மென் கதையின் வில்லனும் அதே மாதிரிதான். அவனைத் தடுக்க வந்தவர்கள் திட்டத்தைக் கேட்டு முடிக்கும்போது, அது 35 நிமிடம் முன்பே நடந்து முடிந்துவிட்டது என்கிறான். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தால் ஜெயிக்கலாம் என்ற ஏழாம் வகுப்புத் தீர்ப்பு சரியாகிவிட்டது.

ஆனால் அந்த இரண்டாமவன் கொடுத்த விலையைப் பார்க்க வேண்டும். திட்டம் தெரிந்த தன் வேலைக்காரர்களை விஷம் வைத்துக் கொல்கிறான். வேண்டாம் என்று சொல்லவோ வெளியே போய்ச் சொல்லவோ பக்கத்தில் ஒருத்தரும் மிச்சமில்லை. வீடணன் வெளியேறும் கதவையே செங்கல் வைத்து அடைத்துவிட்டான். அப்படியும் கடைசிப் பக்கத்தில், அவனைச் சந்தேகித்து எழுதி வைத்த ஒருவனுடைய நாட்குறிப்பு பத்திரிகை அலுவலகத்தில் போய்க் கிடக்கிறது. இதை நான் விவரித்தபோது வலை பின்னுகிறவர் கை நின்றது. “ஒரு கண்ணி” என்றார்.

நம்ம மாயாவியும் ஸ்பைடரும்

பழைய பெட்டியில் இருந்தவைதான் பிள்ளைகளை அதிகம் ஆச்சரியப்படுத்தின. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. இன்று எங்களுக்குப் பக்கத்து மாவட்டமாக இருக்கிற இடத்தில் அச்சாகி, பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கிய புத்தகம். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை மாட்டிக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரியும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். 1962-ல் வேலியன்ட் என்ற பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் அவர் பிறந்தபோது நல்லவர் இல்லை. முதல் கதையில் அவர்தான் வில்லன். பிறகுதான் திருந்தி நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளி ஆகிறார்.

ஸ்பைடரும் அப்படித்தான். ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு ஆள். 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாக இங்கே எத்தனையோ பிள்ளைகளைப் பைத்தியமாக அடித்தவன். 1965-ல் பிரிட்டனில் அவன் வந்தது குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்ற ஆசையோடு. பிறகு அவன் கதையை எழுத வந்தவர், ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெர்ரி சீகல். அவர் கையில் ஸ்பைடர் குற்றவாளிகளை வேட்டையாடுகிறவனாக மாறினான்.

தமிழ் வாசகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய இந்த இரண்டு பேருமே பழைய வில்லன்கள் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒன்று தெரிகிறது. வாரா வாரம் ஒரு வில்லனை வாசகன் நேசிக்கத் தொடங்கிவிட்டால், எழுதுகிறவருக்கு அவனைத் தோற்கடிக்க மனம் வருவதில்லை. அப்போது அவனைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஸ்பைடருடைய அகங்காரம் கடைசிவரை குறையவில்லை, உண்மைதான். ஆனால் பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு பேர் கூடவே இருந்தார்கள். திமிர் பிடித்தவன்தான், ஆனால் தனி ஆள் இல்லை.

ஒருநாள் சின்னவள் ஒருத்தி, புயல் வில்லனா என்று கேட்டாள். அவள் வீட்டுப் பெரியவர்கள் தனுஷ்கோடியிலிருந்து வந்தவர்கள். இல்லை என்றேன். புயலிடம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, சொன்னாலும் கேட்க அதற்குக் காது கிடையாது. வில்லனுக்குக் காது இருக்கிறது. அவன் தோல்வியைப் பார்த்து நமக்கு ஆத்திரமும் கொஞ்சம் வருத்தமும் சேர்ந்து வருவது அதனால்தான். அவளுக்கு இது எவ்வளவு புரிந்ததோ தெரியாது, தலையை ஆட்டினாள்.

ஜூன் 14-க்கு முந்தின சாயங்காலம் கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டியும் டீசல் கேனும் படகுக்குப் போய்க்கொண்டிருந்தன. தைத்து முடித்த வலையை நான்கு பேர் தோளில் தூக்கிப் போனார்கள். கேள்வி கேட்ட பையன் ஒரு கட்டுரை நோட்டோடு வந்தான். அவனே ஒரு காமிக்ஸ் வரைந்திருந்தான். முதல் கட்டத்தில் கடலையே உறிஞ்சிக் குடிக்கிற யந்திரத்தோடு ஒரு வில்லன். இரண்டாவதில் மீனெல்லாம் குழாய்க்குள் போகிறது. மூன்றாவதில் யந்திரத்துக்கு எண்ணெய் விடும் வேலைக்காரன் கையைத் தூக்கி, “ஐயா, குஞ்சும் சேந்து போகுது, வேண்டாம்” என்கிறான். நான்காவதில் வில்லன் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு சுவிட்சை அணைக்கிறான். முகத்தை மிகவும் கவனமாக வரைந்திருந்தான், நான்கைந்து தடவை அழித்து அழித்துத் தாள் அந்த இடத்தில் மட்டும் மெலிந்து போயிருந்தது.

ஐந்தாவது கட்டத்துக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தான். உள்ளே ஒன்றும் இல்லை.

“இதுல என்ன வரையிறது டீச்சர்? அணைச்சுட்டான். இனிமே ஹீரோ எதுக்கு வரணும்?”

நானும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே அவன் அப்பா கூப்பிட்டார். நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, டீசல் கேனின் ஒரு பக்கத்தைப் பிடிக்க ஓடினான்.